மாதாமாதம் கொடுக்க வேண்டிய ரத்தம்

கோரமண்டல்,
தங்கவயல்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரஷ்மிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க நம் வீட்டுச் சாமி துணை இருக்கட்டும். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழகிய கை. இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறோம். அதை முதலில் சொல்லாவிட்டால் நீ பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்துவிடுவாய். எடுக்காதே, முழுதும் படி. போனில் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை ஆரம்பித்துப் பார்த்தேன், நீ உடனே குழந்தையைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுகிறாய், பக்கத்தில் உன் அண்ணன் வந்து நின்றுகொண்டு அவளிடம் சொல்லாதே என்று கண்ணைக் காட்டுகிறான். பியாட்ரிஸ் அக்காவின் பெரிய மகன் திலீப் லீவு முடிந்து வருகிற வாரம் ஆக்லாந்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் மிளகாய்த்தூளையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் கேட்டிருந்தாய், அனுப்பவில்லை. ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

அண்ணன் விநாயக்குக்கு மஞ்சள் காமாலை வந்து பெங்களூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். உன்னிடம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்று சொன்னோமே, அப்போதுதான். சாதாரணக் காமாலை இல்லை, அந்தச் சிறுநீரக மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிட்டது. முதலில் இருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதையும் நடுவில் வரும், பொறுத்துக்கொள், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். அவனுடைய இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரிந்தது. அதற்கு முன்னால் அவன் பேண்ட் இடுப்பை நான் இரண்டு முறை பிரித்துத் தைத்திருக்கிறேன், கை கால் எல்லாம் மெலிந்தே இருக்கிறது, வயிறு மட்டும் எப்படியடா பெருக்கிறது, பெங்களூரில் பீர் குடிக்கிறாயா என்று திட்டிக்கொண்டே தைத்தேன். பாவம், அது கட்டி நிறைந்த சிறுநீரகம் வயிற்றைத் தள்ளியது. ஊரில் ரொம்பப் பேருக்கு வராத நோய், ஆனால் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் வம்சத்தோடு வரும் என்றார் பெங்களூர் டாக்டரம்மா. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. எனக்கும் உன் அப்பாவுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு இல்லை, உன் அப்பாவுக்கு இருந்தது. அவருக்குப் பிரஷர் மாத்திரையைத் தவிர இத்தனை வயதுக்கும் ஒரு தொந்தரவு கிடையாது, சிலருக்கு அப்படி லேசாகவே போய்விடுமாம். உன் அப்பாவைப் பெற்ற தாத்தா கால் முகம் எல்லாம் வீங்கிச் செத்தபோது சுரங்கத்துத் தூசி என்று எல்லோரும் முடிவு கட்டினோம், இப்போது யாருக்குத் தெரியும். அன்றைக்கு ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து உன் அப்பா எங்களை விட்டு முன்னால் நடந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். என் வழியாகத்தான் வந்தது என்று அப்புறம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு சரி, மறுபடி சொல்லவில்லை, ஆனால் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாத்திரை கட்டியைக் கரைக்காது, வளர்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதைச் சாப்பிட்டால் தாகம், தாகம், அப்படி ஒரு தாகம். குடித்த தண்ணீர் அரைமணியில் வெளியே வந்துவிடும். நம் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், இவன் ஒருவனே ஒரு தெருவுக்கான தண்ணீரைக் குடித்தான். விடியற்காலை ரயிலில் இவனோடு போகிறவர்கள் தண்ணி லாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள், இவனும் சிரித்துக்கொண்டே கக்கூஸ் கதவுக்குப் பக்கத்திலேயே பாட்டிலும் கையுமாக நின்றபடி பெங்களூர் வரை போய்வந்தான். அதையெல்லாம் அவன் ஒரு குறையாகவே சொன்னதில்லை. இன்னொரு விஷயம்தான் அவனால் முடியவில்லை. மாதாமாதம் ரத்தம் கொடுத்துக் கல்லீரல் டெஸ்ட் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதே டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார், சில பேருக்கு இது கல்லீரலைக் கெடுக்கும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆரம்பத்தில் உடம்பிலும் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும், அப்போதே நிறுத்திவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேபில் கொடுப்பான். அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினால் அங்கிருந்து தொடரலாம் என்று பதில் வரும், உடனே மாத்திரை வாங்குவோம். முதலில் சில மாதம் ஒழுங்காகப் போனான், எல்லாம் நார்மல் என்றே வந்தது. அப்புறம் ஆபீசில் புது மேனேஜர் வந்தான். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம், யார் எத்தனை லீவு என்று பார்க்கிறார்கள் என்றான். லேப் திறக்கும்போது இவன் ரயிலில் இருப்பான், மூடின பிறகுதான் வீட்டுக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. ரிப்போர்ட் இல்லாமல் மாத்திரை இல்லை.

நம் சுரங்க லைன் வீடுகளில் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வண்டி வந்தால் பக்கத்து வீட்டுக் குடத்தையும் நாமே வரிசையில் வைப்போம். ஜெயம்மா ஊருக்குப் போனால் கேஸ் சிலிண்டருக்கு நான் நிற்பேன், எனக்குக் காய்ச்சல் என்றால் அவள் நிற்பாள். உன் அப்பா வேலையில் இருந்த காலம் முழுக்க யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அவருடைய ஷிப்டை இவர் பார்ப்பார். இருக்கிறவன் இல்லாதவனுக்காக நிற்பது நமக்கெல்லாம் உதவிகூட இல்லை, அது பாட்டுக்கு நடக்கிற காரியம். அந்தப் பழக்கத்தில்தான் உன் அப்பா, எனக்கும் தெரியாமல் மருமகள் சுமாவுக்கும் தெரியாமல், நீ ரயிலுக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, லேபுக்குப் போய் விநாயக் என்று பெயர் கொடுத்து, தன் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வயது முப்பத்தாறு என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்ததாம். எழுதுகிற பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். இதுவரைக்கும் நார்மல்தானே, இனிமேல் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது, ஒரு சம்பிரதாயம்தானே என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் சமாளிக்கலாம் என்று ஆரம்பித்தது, அடுத்த மாதமும் நடந்தது, அதற்கடுத்த மாதமும் நடந்தது. உன் அப்பாவின் கல்லீரல் கல்லு மாதிரி இருக்கிறது, ரிப்போர்ட் நார்மல் என்றுதானே வரும்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. அவன் சரியாகச் சாப்பிடவில்லை, வந்ததும் படுத்துவிடுகிறான், உடம்பெல்லாம் சொறிந்துகொள்கிறான். குளிக்கத் தண்ணீர் இல்லாத வெயில்காலம், வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போடச் சொன்னேன். ஒருநாள் காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்திருக்கிறது, எதிரே இருந்த ஜெயகரன், உன்னோடு ஸ்கூலில் படித்தானே அவன்தான், வெளிச்சத்தில் இவன் கண்ணைப் பார்த்துவிட்டுப் பங்காருப்பேட்டையிலேயே இறக்கித் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கண் இரண்டும் மஞ்சள். ஜெயம்மா ஓடிப்போய்க் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்துவிட்டாள், நானும் அரைக்க உட்கார்ந்துவிட்டேன். சுமாதான் வேண்டாம் அத்தை, அந்த டாக்டரிடமே போகலாம் என்று பிடிவாதமாக நின்றாள். பூதிகோட்டையில் நிலம் நீச்சு பார்த்து வளர்ந்த பெண், இவளுக்கு என்ன தெரியும் என்று நான் எத்தனை நாள் நினைத்திருக்கிறேன், அன்றைக்கு அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அவளும் உன் அப்பாவும் நானும் அவனைக் காரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் உன் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாசம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், போன வாரத்து ரிப்போர்ட்டையும் பார்த்தார். அவருக்குக் குழப்பம். மாத்திரையால் வந்திருந்தால் இதற்குள் ரத்தத்தில் தெரிந்திருக்குமே, போன வாரம்கூட நார்மலாக இருக்கிறதே, அப்படியானால் வேறு எதனாலோ வந்திருக்கிறது என்று சொல்லி, குடிப்பாயா, வெளியே சாப்பிட்டாயா, நாட்டு மருந்து ஏதாவது எடுத்தாயா என்று விநாயக்கை வரிசையாகக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை இல்லை என்றான். சுமா அவனையே முறைத்துப் பார்த்தாள், நமக்குத் தெரியாமல் குடித்தானோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார், "மேடம், அது அவன் ரத்தம் இல்லீங்க. மூணு மாசமா நான்தான் போய்க் குடுத்துகினு வந்தேன்."

என்ன சொன்னார் என்று புரியாமல் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டாய் என்று விநாயக்கைக் கேட்டார், இன்றைக்குக் காலையில் என்றான். சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டு மூடினார். அப்புறம் உன் அப்பாவைப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் ஐயா நான் தொடரச் சொன்னேன் என்று மட்டும் சொன்னார். உடனே அட்மிட் செய்தார்கள். கல்லீரல் கணக்கு இருக்க வேண்டியதைப் போல முப்பது மடங்குக்கு மேல் இருந்தது, ரத்தம் உறைவதும் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் மாத்திரை போயிருந்தால் கல்லீரலே மாற்ற வேண்டிய நிலைமைக்கு வந்திருக்கும், இப்போதுகூட எந்தப் பக்கம் போகும் என்று இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த இரண்டு மூன்று நாளை நான் எழுத மாட்டேன் ரஷ்மி. என் பிள்ளை போய்விடுவான் என்றுதான் நினைத்தேன், அதைத் தவிர வேறு ஒன்றும் நினைக்க முடியவில்லை.

சுமா உன் அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், என் எதிரில். "மாமா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேலையை விடச் சொல்லியிருப்பேனே. வேலை போனா இன்னா, நாங்க பூதிகோட்டைல ராகி வெதச்சுத் தின்னிருப்போம்." அவள் அழவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அவருக்குச் சோறு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், பேசுவதில்லை. நான் இருவருக்கும் நடுவில் நிற்கப் போவதில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உன் அப்பா மேல் எனக்கும் கோபம் உண்டு, நன்றாகவே திட்டினேன், இத்தனை வருடத்தில் அப்படித் திட்டியதில்லை. ஆனால் ராத்திரி விளக்கணைத்த பிறகு அவர் சொன்னார், அவனுக்குச் சிறுநீரகம் கொடுக்கலாம் என்றால் என்னுடையதும் கெட்டது, நோயைக் கொடுத்தவன் வேறு எதைத்தான் கொடுப்பது, கை நீட்டினால் போதும் என்றதும் சந்தோஷமாகப் போனேன் புஷ்பா என்று. அந்த மனிதரை நான் இன்னும் என்ன சொல்லித் திட்டுவது சொல். விநாயக்கும் சின்னப் பிள்ளை இல்லை, அவனுக்கும் தெரிந்துதானே நடந்தது. அப்பாவைக் குறை சொல்லாதே, நான்தான் போகட்டும் என்று விட்டேன் என்கிறான்.

இப்போது தேறிவிட்டான். கண்ணில் மஞ்சள் போய்விட்டது, சொறிவது நின்றது, ரத்தத்தில் கணக்கு வாராவாரம் இறங்கிக்கொண்டு வருகிறது. டெஸ்டுக்குச் சுமாதான் கூட்டிப்போகிறாள், அவன் கையில் ஊசி ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறாள், கல்யாணத்துக்குத் தாலி செய்யும் இடத்தில்கூட அவள் அப்படி நின்றிருக்க மாட்டாள். வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை, ஆகட்டும். கல்லீரல் தானாகச் சரியாகிவிடும், பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் அந்த மாத்திரையை இனி அவன் ஜென்மத்துக்கும் தொடக்கூடாது. கட்டி வளர்வதைத் தள்ளிப்போட இருந்தது அது ஒன்றுதான், நேரத்தில் தெரிந்திருந்தாலும் அவனுக்கு நிறுத்தத்தான் வேண்டியிருக்குமாம், இவ்வளவு அடிபடாமல் நிறுத்தியிருக்கலாம். இனிமேல் உப்பைக் குறைத்து, பிரஷரைப் பார்த்துக்கொண்டு, சிறுநீரகம் ஓடுகிறவரை ஓட வேண்டியதுதான். பத்து வருடமோ, குறைவோ, அப்புறம் டயாலிசிஸ், இல்லாவிட்டால் மாற்றுச் சிறுநீரகம். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு அவன் என்னிடம் முதலில் சொன்னது, ரஷ்மி காதுக்கு இது போகக்கூடாதம்மா, அவள் தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று நிற்பாள் என்றான். உன் அண்ணன் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

அதனால் நன்றாகக் கேட்டுக்கொள், உன் சிறுநீரகத்தைக் கேட்டு நான் இதை எழுதவில்லை. அந்தப் பேச்சே இப்போது இல்லை. நான் எழுதுவது உனக்காக. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீயும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது சரி என்றாய். அப்புறம் நான் கேட்டபோது எடுத்தாச்சும்மா, ஒண்ணும் இல்ல, கிளியர் என்றாய். சொன்ன வேகத்திலேயே அங்கே முருங்கைக்காய் என்ன விலை என்று ஆரம்பித்துவிட்டாய். சின்ன வயதில் டானிக்கை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டு வந்து நிற்பாயே, அன்றைக்கும் இப்படித்தான், குடிச்சிட்டேன் என்ற அடுத்த நொடி வேறு ஏதாவது பேசுவாய். அப்போது நான் கேட்காமல் விட்டேன், ஏனென்றால் நீ சொன்னதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. நார்மல் என்ற வார்த்தையை யார் சொன்னாலும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ளத்தானே பார்க்கிறோம். அங்கேயே தங்குவதற்கு எழுதிப் போட்டிருக்கிறீர்கள், இந்த நேரத்தில் ஏதாவது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்திருப்பாய், இரண்டாவது குழந்தைக்கும் ஆசைப்படுகிறாய், மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்றும் இருந்திருக்கும். எல்லாம் எனக்குப் புரிகிறது கண்ணு. ஆனால் தெரியாமல் இருந்தால் இல்லாமல் போய்விடாது. முதலிலேயே தெரிந்தால் பிரஷரைப் பார்க்கலாம், உப்பைக் குறைக்கலாம். உனக்கு ஊறுகாய் அனுப்பாததும் இதனால்தான், எடுத்துவிட்டு இல்லை என்று தெரிந்தால் ஒரு ஜாடி போட்டு அனுப்புகிறேன். ஒருவேளை இருந்து, இதே மாத்திரையைக் கொடுத்தால், அண்ணனுக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று பயந்து ஓடாதே, நிறையப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டதை மட்டும் அங்குள்ள டாக்டரிடம் மறக்காமல் சொல். மாதாமாதம் போய்க் கையை நீட்டு, மழையோ பனியோ, வேலையோ குழந்தையோ.

உன் அப்பாவும் ஏதாவது எழுதட்டும் என்று பேப்பரை அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாப்பாவை ஸ்கேன் எடுத்துக்கச் சொல்லு, எங்கிட்டருந்து அவளுக்கும் வந்திருந்தா என்ன மன்னிக்கச் சொல்லு என்று என்னிடம் சொன்னார், அதையும் எழுது என்றார், எழுதிவிட்டேன். அவரோடு பேசும்போது ஆஸ்பத்திரிக் கதையை நீயாக எடுக்காதே, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள். சுமாவுக்குத் தனியாகப் போன் செய்து நல்லதாக நாலு வார்த்தை சொல், அவள் இல்லாவிட்டால் உனக்கு அண்ணன் இல்லை. குழந்தைக்கு என் முத்தம். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர நான் எந்தச் சாமியிடமும் வேறு எதுவும் கேட்பதில்லை. இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய். நீ அன்றைக்கு என்னிடம் சொன்னது உண்மை என்றால், உடனே போன் போட்டு, பெற்ற மகளையே நம்பாமல் இவ்வளவு எழுதியிருக்கிறாயே என்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. உண்மை இல்லை என்றால் போன் செய்யாதே, ஒன்றும் சொல்லாதே, முதலில் போய் ஸ்கேன் எடு.

நீ திட்டமாட்டாயா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா
வெ. புஷ்பவல்லி